காது தெரிய வேண்டும்

மௌல்மேனில், மீன் சந்தைக்குப் பின்னால்,
பெண்பிள்ளை ஒருத்தி நடத்தும் ஸ்டூடியோ
என்னுடையது ஒன்றுதான்.
அதனால் என்னிடம் வருகிறார்கள்.
அடையாள அட்டைக்குப் படம்.
அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருப்பார்கள்:
நெற்றி தெரிய வேண்டும்,
இரண்டு காதும் தெரிய வேண்டும்.

கதவுக்குக் கொக்கி போடுகிறேன்.
ஜன்னலுக்கு ஒரு பழைய கைலி.
மின்விசிறியையும் நிறுத்திவிடுவேன்.
"பின்னால யாருமில்லியே?"
"சுவர்தான் இருக்கு. நீலம் பூசின சுவர்."

மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலையில்
நாலு வருடம் இருந்துவிட்டு வந்த சபுராவுக்கு
ஏழு குண்டூசி.
ஒவ்வொன்றையும் எடுத்து உதட்டில் வைத்துக்கொள்வாள்,
வரிசை மாறாமல் திரும்பக் குத்துவாள்.
மைமூன் கனிக்கு ஊசியே கிடையாது.
வெள்ளைத் துப்பட்டி, பல்லில் கடித்த ஓரம் ஈரமாக இருக்கும்.
அதை விட வாய் திறக்க வேண்டும்,
வாய் திறந்தால்
நெத்திலி விலையில் தொடங்கி மருமகன் வரைக்கும் போகும்.
நான் படம் எடுத்து முடிக்க ஒரு மணி நேரம்.

டோ சான் மே போடுவது
சல்லடை போல ஒரு ஷால்.
உள்ளே கொண்டை தெரியும், கொண்டையில் பூ தெரியும்.
இது எதம்மா மறைக்குது என்று
ஒருமுறை கேட்டே விட்டேன்.
மறைக்கவா போட்டேன், என்றாள்,
விடியற்காலை யாருக்காக எழுந்தேன்னு
மத்தியானம் எனக்கு மறந்துபோகுது.

எனக்கும் அப்படித்தான்.
கன்னத்தில் தனக்கா பூசாமல் தெருவில் இறங்கினால்
எங்கோ முடிச்சவிழ்ந்ததுபோல் இருக்கிறது.

போன வாரம் ருகையா. பத்தொன்பது வயது.
கண் மட்டும் தெரிகிற கறுப்பு.
அவள் அம்மா வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தாள்:
"நானே போட்டதில்ல, என் மாமியா போட்டதில்ல,
இவளுக்கு எங்கேருந்து வந்துச்சு?"
உள்ளே அவள் முகத்துணியை எடுத்தாள்,
முக்காட்டை எடுத்தாள்.
ஆண்பிள்ளைபோல் வெட்டிய முடி.
இடது காதில் மூன்று தோடு.
"அம்மாகிட்ட சொல்லாதீங்க."
இரண்டு காதும் நன்றாகத் தெரிந்தன.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
அவளும் ஒரே ஒரு பதிலை
வைத்திருந்த மாதிரி தெரியவில்லை.

அப்பாவின் பெட்டிக் கேமராவுக்கு
ஒரு கறுப்புத் துணி உண்டு.
அதற்குள் தலையை நுழைத்தால்தான்
எனக்கு முகங்கள் தெரிந்தன. அதுவும் தலைகீழாக.
இப்போது டிஜிட்டல். துணி இல்லை.
அவர்களும் என்னைப் பார்க்கிறார்கள்.
எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்
முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டில் ஹலீமத்து. படிவத்தில் கின் ஏ மூ.
வீட்டில் நான் தெய்வயானை.
பெயர்ப்பலகையில் தான் தான் ஸ்டூடியோ.
இந்தப் பெயர்களுக்கு ஊசி கிடையாது,
கழற்றி வைக்க ஸ்டூலும் கிடையாது.
கொக்கி போட்ட அறையிலும்
அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஹலீமத்து நாலு பிரதியை எண்ணினாள்.
அலுவலகத்துக்கு மூன்று போதும்.
"ஒண்ணு கூடுதலா இருக்கே, கிழிச்சிருங்க."
கிழித்தேன்.
"இன்னும் சின்னதா."
கிழித்தேன்.
அரசாங்கத்துக்குக் கொடுத்த முகம் அது, என்றாள்,
என் மச்சானே பாக்கல,
அந்தக் குமாஸ்தா மேசையில கிடக்கப்போகுது.
"கம்ப்யூட்டர்லயும் அழிச்சிட்டீங்களா?"
"அழிச்சிட்டேன்."
"அதுல ஒரு குப்பைத்தொட்டி இருக்குமாமே, எம் பையன் சொன்னான்."
தொட்டியைத் திறந்து காட்டினேன்.
நெற்றி, காது, நரைக்கத் தொடங்கிய வகிடு,
எல்லாம் தபால்தலை அளவில் அங்கே இருந்தது.
ஒரு நிமிடம் பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கேன், இல்ல?"
"நல்லா இருக்கீங்க."
"ம்" என்றாள். "காலி பண்ணுங்க."

பண்ணினேன்.
துப்பட்டியை இழுத்துவிட்டு,
அதன் பிறகுதான்
கொக்கியை எடுக்கச் சொன்னாள்.