பின் பாதி

பழைய புத்தகக் கடையில் இருநூற்றைம்பதுக்கு
ஒன்றுதான் இருந்தது.
நாங்கள் இரண்டு பேர்.
செக்காலை ரோட்டு பைண்டிங் கடைக்காரர்
"வெட்டினா ஒட்டாதும்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு
முதுகில் கத்தி வைத்தார்.
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை எனக்கு,
மேலே உள்ளது சிகப்பிக்கு.
வீட்டுக்கு வந்து பிரித்தால்
கேள்விகள் பூராவும் என்னிடம்
விடைகள் பூராவும் அவளிடம்.

"கேட் எழுதப் போறேன்" என்றதும் அப்பா கேட்டார்:
"எது, ரயில்வே கேட்டா?"
சிரிக்காமல்தான் கேட்டார்.
எம்.டெக் சேர, என்றேன்.
"அப்ப பி.இ. எதுக்குப் படிச்சே?"
அதற்கு நாலு பதில் யோசித்தேன், விட்டுவிட்டேன்.
விட்டால் மார்க் குறையாது.
தப்பாகச் சொன்னால்தான்
மூன்றில் ஒன்று போகும்.

பகலில் கழனிவாசல் மெடிக்கலில் பில் போடுகிறேன்.
பத்து மாத்திரைப் பட்டையை
மூன்று நாளைக்கு ஆறு என்று வெட்டிக் கொடுப்பேன்.
மிச்ச நாலில் காலாவதித் தேதி இருக்காது.
அது முன்னால் வந்தவர் பையில் போயிருக்கும்.
ஆள் இல்லாத இரண்டரை மணிக்கு
பில் தாளின் பின்பக்கம் என்ட்ரோப்பி.
சர்க்கரை மாத்திரை வாங்கிய ஒருவர்
அதோடு வீட்டுக்குப் போய்
மறுநாள் திரும்ப வந்தார்:
"இதுல என்னமோ எழுதியிருக்கு,
சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

முதல் நாலு மாதம்
ராத்திரி பத்தரைக்கு நான் கேள்வி வாசிப்பேன்
அவள் விடை வாசிப்பாள்.
"சி."
"எனக்கு பி வருது."
"மறுபடி போடு."
போட்டு முடிப்பதற்குள்
போனில் மூச்சு சீராகிவிட்டிருக்கும்.

ஆடியில் அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது.
கியர் கம்பெனி, மூன்று ஷிஃப்ட்.
வீட்டில் எல்லோரும் சென்னைக்குப் போய்விட்டார்கள்.
பின் பாதி கோட்டையூரில்,
இரண்டாம் கட்டில், பீரோ மேலே.
சாவி அண்ணா நகரில்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் நின்றேன்.
இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை.
பூட்டு என் உள்ளங்கை அளவு.
சுவர் இரண்டடி கனம்,
வெளியே முப்பத்தெட்டு டிகிரி.
உள்ளே எவ்வளவு என்று தெரிந்தால்
எத்தனை வாட் சுவருக்குள் போகிறதென்று
நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன்.
தெரியாது.
டயரில் காற்றும் குறைவாக இருந்தது.

அதற்கப்புறம்
வந்த விடையைத் தூக்கிக்
கேள்விக்குள்ளேயே போட்டுப் பார்க்கிறேன்.
பொருந்தினால் ஒரு டிக்.
டிக் போடுவதும் நானே என்பதால்
சந்தேகம் கொஞ்சம் பாக்கி.

தேர்வுக்குப் பதினோரு நாள்.
நேற்று முந்நூற்று ஆறாம் பக்கம்,
முப்பத்தெட்டாவது கணக்கு.
ஐந்து தடவை போட்டேன்.
கொடுத்த நாலிலும் இல்லாத ஓர் எண்
ஐந்து தடவையும் வந்தது.
பதினொன்றே காலுக்கு ஓசூருக்கு அடித்தேன்.
"ஏண்டி, இப்பவா?"
பின்னால் மெஷின் சத்தம்.
வாசித்தேன்.
கையுறை கழற்றுகிறாள்.
எதன் மேலோ பேனா கரகரக்கிறது,
அட்டைப்பெட்டியாக இருக்கும்.
அவளுக்கும் அதே எண்.
"அப்ப புத்தகம்தான் தப்பு."
"புத்தகத்துக்கு மைனஸ் மார்க் உண்டா?"
சிரித்தாள்.
அப்புறம் கொஞ்ச நேரம்
மெஷின் மட்டும் பேசியது.
வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"முப்பத்தொன்பதை வாசி" என்றாள்.