சேதாரம்

முதல் ஆள் ஏழரை லட்சத்துக்கு எடுத்தது.
டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தத்திலேயே
ஒரு லட்சம் போயிருக்கும்.
அப்புறம் ஆறு வருஷம் கொறித்தது,
ஓடாமல் நின்ற நாளும் சேர்த்து.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
உருக்கினால் சேதாரம், ராவினால் சேதாரம்;
சாயங்காலம் தரையைக் கூட்டி
அந்தத் தூசையும் எடை போட்டுவிடுவோம்.
இது உதிர்த்ததை எந்தத் துடைப்பம் கூட்டும்?

“மூன்றே முக்கால்” என்றார் தனசீலன்.
“மலை ஏறட்டும், சொல்கிறேன்.”

ஏற்காட்டுச் சாலை. ஏழாவது கொண்டை ஊசியில் ஏசியை அணைத்தேன்.
பதினொன்றில் இரண்டாம் கியர்
ஒருமுறை முனகி, விழுந்தது.
கிளட்ச் வாடை இல்லை.
பின்சீட்டில் என் இரண்டும்
புளிப்பு மிட்டாய்க்கு அடித்துக்கொண்டன; வாந்தி இல்லை.
அதுவும் ஒரு சோதனைதான்.

பதினேழில் நிறுத்தினோம்.
குரங்குக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு,
கீழே வெயிலில் கிடந்த சேலத்தைப் பார்த்தபடி
அவரே சொன்னார்:
“இடது கதவு மாற்றினது. லாரி உரசல்.
மெக்கானிக்குக்கூடத் தெரியாது.”

மூன்று நாற்பது கேட்க வைத்திருந்த வாய்
மூன்று ஐம்பது என்றது.

ராத்திரி, நோட்டில் அந்தப் பத்தாயிரத்துக்குத்
தலைப்பு கிடைக்கவில்லை.
செய்கூலி என்று போட்டு மூடினேன்.