உள் இணைப்பு ஒன்பது

மாவட்டம் பிரிந்த வருடம்
தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு
என்னையும் ஒரு சுவிட்ச் போர்டையும்
ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள்.
ஒப்புகைச் சீட்டில் எங்கள் இருவருக்கும் சேர்த்து
ஒரே கையெழுத்து.

அரசாணை வந்த பிறகுதான் பிரிந்தோம் என்கிறார்கள்.
தொலைபேசித் துறை எப்போதோ பிரித்திருந்தது:
அங்கே 04342,
இங்கே 04343.
கடைசி இலக்கத்தில் ஒன்று கூடியதற்கு
யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.

எண் மேலிருந்து கீழே இறங்கும்.
முதலில் நாடு, தொண்ணூற்றொன்று.
பிறகு வட்டாரம், பிறகு இணைப்பகம்,
மிச்ச இலக்கங்களில்
ஒரு வீடு, ஒரு ஸ்டூல்,
பூப்போட்ட துணி மூடிய கருவி,
துணிக்குள்ளிருந்து மணி.
எல்லாம் மூன்றே விநாடி.

மனு கீழிருந்து மேலே ஏறும்.
கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர்,
வட்டாட்சியர், கோட்டாட்சியர்.
ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரை,
ஒரு உணவு இடைவேளை,
ஒரு மாறுதல் உத்தரவு.

திங்கள்கிழமை மனு நாள்.
செவ்வாய் பதினொன்றரைக்கு
அஞ்செட்டிக்கு அந்தப் பக்கமிருந்து
சிக்கமாதன் கூப்பிடுவார்.
குரலுக்கு முன்னால்
பெட்டியில் ஒரு ரூபாய் விழும் சத்தம் வரும்.
"ராகி ரெண்டு ஏக்கரா, ஆனை மூணு.
அதே மனுதாம்மா."

வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போடுவேன்.
வனத்துறை என்பார்கள்.
வனத்துறைக்குப் போடுவேன்.
எந்தக் காட்டு யானை என்பார்கள்,
கர்நாடகத்திலிருந்து வந்ததென்றால்
அங்கேதான் கேட்க வேண்டுமாம்.
சொன்னேன்.
"ஏம்மா, அது என்ன
எஸ்டிடி கோடு போட்டுட்டா வருது?"

ஒருநாள் எந்த இணைப்பும் கிடைக்கவில்லை.
எல்லா விளக்கும் சிவப்பு.
லைனிலேயே காத்திருந்தவர் கேட்டார்:
உங்களுக்கு மேல யாரு?
எனக்கு மேலே இந்தக் கட்டடமே, ஐயா.
கட்டடத்துக்கு?
கலெக்டர்.
அவருக்கு?
கோட்டை. பூஜ்யம் நாப்பத்திநாலு.
அதுக்கு?
டெல்லி. பூஜ்யம் பதினொண்ணு.
அதுக்கும் மேல?

ஹெட்போன் காதில் வேர்த்தது.
துறைத் தேர்வுக்குப் படித்தது
ஏனோ அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.
"நீங்கதான்" என்றேன்.
"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

பீப் பீப் என்றது, காசு தீர்ந்து.
துண்டித்துவிடும் என்று நினைத்தேன்.
இன்னொரு ரூபாய் விழுந்தது.
அந்த ரூபாய் முழுவதையும்
அவர் சிரித்தே செலவழித்தார்.
பின்னால் யாரோ கன்னடத்தில்
என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அழைப்புப் பதிவேட்டில் அன்றைய வரிசை எண் நாற்பத்தொன்று.
விவரம் என்ற கட்டத்தின் மேல்
பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.
பிறகு, வழக்கம்போல,
யானைச் சேதம்.