எழுபதாவது அடுக்கு

பார்த்தால் பழுதில்லை.
நகத்தை ஓட்டினாலும் எங்கும் தட்டவில்லை.
கறுப்பு நைலான், இருபது மில்லிமீட்டர் தடிமன்.
எடப்பள்ளி ஆலையில் கொழுந்து வாட்டும் விசிறிக்கு
அடுக்கடுக்காய் அச்சிட்ட குடம்.

"இதுக்குப் போய் ஸ்கேனா?" என்கிறார் போஜன்,
வெளியே ஜீப்பை ஓடவிட்டு வந்தவர்.

கர்ப்பிணிகளுக்குப் பூசும் அதே ஜெல்தான்.
குன்னூர் மருந்துக்கடையில்
என் முகத்தை ஒருமுறை, வயிற்றை ஒருமுறை
பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

உணரியை அழுத்துகிறேன்.
காதுக்கு எட்டாத ஒலி உள்ளே இறங்குகிறது.
மேல்தோலில் ஒரு முள்.
அடிச்சுவரில் ஒரு முள்.
நடுவே சும்மா கிடக்க வேண்டிய கோட்டில்
சின்னதாய் இன்னொன்று.

நகர்த்துகிறேன். கூடவே வருகிறது.

மேலிருந்து ஆறு மில்லிமீட்டர்;
கீழிருந்து எண்ணினால் எழுபதாவது அடுக்கு;
கணக்குப் போட்டால் விடிகாலை மூன்று நாற்பது.
சில்வர் ஓக் ஒன்று கம்பிமேல் சாய்ந்து
வெலிங்டன் வரை இருண்ட நேரம் அது.
பால்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

கரண்ட் வந்ததும் எந்திரம்
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறது.
குளிர்ந்துபோன எழுபதின்மேல் சூடான எழுபத்தொன்று,
ஒட்டியும் ஒட்டாமலும்,
இடையில் துளி மஞ்சு.

விசிறி வேகமெடுத்தால் அங்கேதான் பிரியும்.
கீழே கொழுந்து கிளறும் கைகள் இருக்கும்.

"ராத்திரி பூரா பக்கத்துலயே இருந்தேன்"
என்று காலையில் இவரிடம் போனில் சொன்னேன்.
இருந்தேன்தான்,
கம்பளிக்குள்.

திரையை அவர் பக்கம் திருப்புகிறேன்.
"நடுவுல இது என்னம்மா?"
"அது நான் தூங்கினது."

போஜன் வெளியே போய்
ஜீப்பை அணைக்கிறார்.