பழைய எண், புதிய எண்

நிரலின் முதல் வரியில் அதன் பெயர் ரத்தம்.
எட்டெழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது
இந்த மொழியின் சட்டம்.
பெயருக்குப் பின்னால் எங்கோ ஒரு கோப்பு,
இருநூற்றுப் பதினொரு பேரின் ஹீமோகுளோபின்.

இரவு பத்தே முக்கால், பெருங்குடி.
ஏசியை ஒன்பதுக்கே நிறுத்திவிடுகிறார்கள்.
ஜன்னலைத் திறந்தால் குப்பைமேடு உள்ளே வருகிறது,
மூடினால் நான்தான் வெளியே போக வேண்டும்.

ஓடவில்லை. சிவப்பு வரி.
ரத்தம் எங்கே என்று மொழியையே கேட்டேன்.
அதற்கென்று ஒரு சொல் உண்டு,
செல்லப்பெயரைக் கொடுத்தால்
முழு விலாசத்தையும் கக்கிவிடும்.

\\தரைத்தளம்\அஸ்மத்\மழைக்குமுன்\ரத்தம்_2

விலாசம் மட்டும்தான் சொல்லும்.
அங்கே ஆள் இருக்கிறதா என்பது
வேறு கேள்வி, அதற்கு வேறு சொல்.
அதையும் கேட்டேன்.
பூஜ்ஜியம்.

நடுவில் பரோட்டாக்காரர் போன்:
"மேடம், பதினேழுன்னு போட்டிருக்கு,
இங்க நாப்பத்திரண்டுக்குப் பக்கத்துல அம்பது."
பழசு பதினேழு அண்ணே, புதுசு நாப்பத்திரண்டு,
ரெண்டும் ஒரே கட்டடம்.
ஒரு சாய்கோட்டின் இரு பக்கமும் நின்றுகொண்டு
இந்த ஊரே யாரையோ வழிகாட்டிக்கொண்டிருக்கிறது.

அஸ்மத் இப்போது ராயபுரத்தில்.
குழந்தையைத் தட்டிக்கொண்டே பேசினாள், கிசுகிசுப்பாக.
"லிஃப்ட் பக்கத்து மெஷினா?
அது டிசம்பர்லயே முங்கிருச்சேடி."
தெரியும். இப்போது அங்கே ஜெனரேட்டர் நிற்கிறது.
"மூணாவது மாடியில ஒரு பிரதி வச்சேன்.
என் பேர்ல இல்ல. உன் பேர்ல."

என் பெயரில் ஒரு அடைவு இருந்ததே
எனக்குத் தெரியாது.
நான்கு வருடம் அடுத்தடுத்த நாற்காலி,
அவள் போகப்போவதை அவள் சொல்லவில்லை,
நான் இருக்கப்போவதை
யாரிடமும் கேட்காமலே எழுதிவைத்திருக்கிறாள்.

\\மூன்றாம்மாடி\செண்பகா\ரத்தம்_2

ஆள் இருக்கிறதா?
ஒன்று.

பழைய வரியை அழிக்கவில்லை.
முன்னால் ஒரு நட்சத்திரம், பின்னால் ஓர் அரைப்புள்ளி,
அவ்வளவு போதும்,
மொழி அதைப் படிக்காமல் தாண்டிப் போகும்.
நான் தாண்டவில்லை, இன்னும்.

இருநூற்றுப் பதினொரு பேரும்
வரிசையாக இறங்கி வருகிறார்கள்.
கீழே ஹாரன்.
சால்னா கவரில் முடிச்சு இறுகியிருக்கும்,
பல்லால்தான் கடிக்க வேண்டும்.