நண்டுக்கால்77

போன வெள்ளி, கடைசி வட்டம்.
இருபது நாளாய் நாங்கள் நாலு பேரும் ஒரே அணி,
ஒருவர் முகம் ஒருவர் கண்டதில்லை.
வட்டம் சுருங்கிக்கொண்டு வருகுது,
நண்டுக்கால்77 மதிலோடு நின்று
நின்றபடியே நின்றுவிட்டது.
சுடவில்லை. குனியவில்லை.
கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறவர் மாதிரி.
நான் செத்தேன்.

அடுத்த அறையில் அம்மா.
வெடிச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் லைட்டை நூர்க்கிற மனுசி.
அதனால் என் சண்டையெல்லாம் காதுக்குள் மட்டும்.
வாயால் கத்த வழியில்லை,
விரலால் கத்தினேன்.

தமிழில் பெரிய எழுத்துக் கிடையாது.
வெள்ளைக்காரன் கோபம் வந்தால் எழுத்தை வீங்கவைப்பான்,
எங்களுக்கு ஆச்சரியக்குறிதான்.
பதினேழு போட்டிருந்தேன். எண்ணிப் பார்த்தது பிறகு.
முன்னால் ஒரு டேய்,
நடுவில் கண்ணைப் பற்றி, கையைப் பற்றி,
பெற்றவளைப் பற்றி ஒன்று.
அதை இங்கே திரும்ப எழுதமாட்டேன்.
சூரிச்சில் இருந்து டினோஜன் சிரிக்கிற மூஞ்சி போட்டான்.
ரொறன்ரோக்காரி ஒன்றும் எழுதாமல் வெளியே போனாள்.

கனநேரம் கழித்துப் பதில் வந்தது:
"நீர் சொன்னது சரி. கரண்ட் போட்டுது.
உம்மட விளையாட்டும் கெட்டுப்போச்சு, குறை நினைக்காதையும்."

நீர்.

அறைந்திருந்தால் திருப்பி அறையலாம்.
இதற்கு என்ன செய்வது?

இந்த ஊரில் நீர் போட்டுக் கதைக்கிறவர்கள் யார் யார்?
எட்டாம் வகுப்புக் கணக்கு ரீச்சர்.
பாங்கில் நம்பர் கூப்பிடுகிற பிள்ளை.
புதிதாய்க் கலியாணம் கட்டினதுகள், ஆளுக்கு ஆள்.
வயதைக் கேட்காத சொல்.
நீக்கு மேலே, நீங்களுக்குக் கீழே,
படலையில் கை வைத்தபடி நின்று கதைக்கிற தூரம்.

பிறகு ஊர் முழுக்க நண்டுக்கால்கள்.
தட்டாதெருச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்,
பெருவிரலில் அதே வேகம்.
கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் தராசு பிடிக்கிறவர்.
சார்ஜ் பன்னிரண்டு வீதம் என்று
போனைப் பார்த்து முகம் சுளித்த மருந்துக்கடைப் பெண்.
ஏன், என் தாய்மாமனாய்க்கூட இருக்கலாம்.
ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் நின்று
அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்,
முழுதாக, பெற்றவளோடு சேர்த்து.
ஒருவருக்கும் அளவில்லை.

ஞாயிறு இரவு எழுத இருந்தேன்.
"சொறி மச்சான்" – அழித்தேன், யாருக்கு யார் மச்சான்?
"மன்னிக்கவும்" – கடன் கட்டச் சொல்லி வந்த கடிதம் மாதிரி இருந்தது.
"எங்களுக்கும் அடிக்கடி கரண்ட் போறதுதான்" –
அதுவும் போச்சு. ஏனென்றால்
வெள்ளி இரவு கொக்குவில் கிழக்கு முழுக்க இருட்டாம்,
எங்கள் ஒழுங்கையும்தானாம்,
பாண் வாங்கப் போன இடத்தில் சொன்னார்கள்.
எனக்குத் தெரியாது.
எங்கள் வீட்டில் இன்வேட்டர் இருக்கிறது.
அது இருக்கிற தைரியத்தில்தான் இவ்வளவு வாய்.

அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.
கீழே: "நான் எழுதினது பிழை. இண்டைக்கு வருவீரோ?"
ஆச்சரியக்குறி இல்லை.

"ஒன்பதரைக்குப் பிறகு. இப்ப நண்டு கழுவுறன்."

அவ்வளவுதான். ஆணோ பெண்ணோ,
பதினாறோ அறுபதோ, கேட்கவில்லை.

அன்றைக்கு ரொறன்ரோக்காரியின் இடத்தில்
புதிதாய் ஒரு பெடியன், அல்லது பெட்டை,
பெயர் மிளகாய்ப்பொடி,
வட்டத்துக்கு வெளியே ஓடத் தொடங்கியது.
டினோஜன் எழுதுகிறான், மூன்று புள்ளிகள் துள்ளுது.
நான் முந்திக்கொண்டேன்:
"நீர் இந்தப் பக்கம் வாரும். மதிலோட நில்லும்."

பதினோராவதாய் வந்தோம்.
கரண்ட் இருந்தது.