பனி விழாத கூரை

படம் வாட்ஸப்பில் வந்தது.
மரவீடு. கூரை இரண்டு பக்கமும் சரிந்து
கும்பிட்ட கை மாதிரி.
பின்னால் ஒரு மலை, தலையில் சுண்ணாம்பு.
"இதே மாதிரி, மேசன். ஒரு அங்குலமும் பிசகப்படாது."
குரல் பதிவில் நேசரெத்தினம்.
குரலுக்குப் பின்னால் ரயில் போனது.

களுவன்கேணியில் மலைக்கு எங்கே போவது?
கிணறு வெட்டிய மண் ஒரு குவியல் கிடந்தது.
அதில் ஆடொன்று ஏறி நின்றதைப் படமெடுத்து
டிலக்சன் அனுப்பினான்:
"அண்ணன், மலை ரெடி."
பதிலுக்கு ஒரு சிரிப்பு முகமும் வரவில்லை.

ஏன் இவ்வளவு சரிவு என்று கேட்டேன்.
பனி வழுக்கி விழ, என்றார்.
பனி என்ன பாரம் வரும்?
கொஞ்ச நேரம் யோசித்து,
"ஈர நெல்லு மூட்டை அடுக்கினாப்போல."
அந்தக் கணக்கு எனக்கு விளங்கியது.

ஆனால் இஞ்சத்தக் காற்று வேறு.
அங்கே வானம் மேலிருந்து அமத்தும்.
இங்கே கார்த்திகையில்
தாவாரத்துக்குக் கீழே கைவைத்து
பானை மூடியைப்போல் கிளப்பும்.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் கூரை
வம்மி மரத்தில் தொங்கியதாம்.
நான் அப்போது அம்மாவின் வயிற்றில்.
அவர் கேட்ட அகலத்துக்கே தாவாரம் வைத்தேன்.
கேளாத பதினாறு இரும்புப் பட்டிகளை
பீமுக்குள் புதைத்துக் கூரையைக் கட்டினேன்.
பில்லில் "சில்லறை" என்று எழுதினேன்.

ஏறாவூர் ஆதம்லெவ்வை காக்கா
பல்கணிக் கிராதியில் இதயம் இதயமாய் அறுத்தார்.
"இதென்ன தம்பி, வீடா கலியாணக் கார்டா?"
கேட்டுக் கேட்டே முப்பத்தெட்டு இதயம்.
புகைபோக்கிக்குக் கீழே அடுப்பில்லை;
முதல் கிழமையே அணில் குடிவந்தது.
ஜன்னல் பெட்டியில் நட்ட சிவப்புப் பூ
உப்புக் காற்றில் கருகிப்போக
டிலக்சன் மதகடியில் பிடுங்கிய பட்டிப்பூவை வைத்தான்.
அது பூத்தது.

ஆடியில் வந்தார். பன்னிரண்டு நாள் லீவு.
சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனவர்
தரையில் ஒரு சீமெந்துப் பொட்டைக் கண்டு
குந்தியிருந்து நகத்தால் சுரண்டினார்.
"விடுங்க, பொடியன் செய்வான்."
கேட்கவில்லை. படிக்கட்டின் மூலை,
கண்ணாடிப் பொருத்து, கதவின் மேல்விளிம்பு,
ஒருவரும் பார்க்காத இடமெல்லாம்
அவருடைய விரலுக்குத் தெரிந்திருந்தது.

"அங்க இப்பிடி வீட்டிலயா இரிக்கிங்க?"
"ரயில்பாதைக்குப் பக்கத்தில. மூணாம் மாடி, ரெண்டு அறை."
"அப்ப படத்தில உள்ள வீடு?"
"சனிக்கிழமையில போவன். பதினேழு வருசம்.
சாவி பூச்சட்டிக்குக் கீழ கிடக்கும்.
வீட்டுக்காரரை நான் கண்டதில்ல."

மறுகா ரெண்டுபேரும் ஒண்டும் கதைக்கல்ல.

மற்ற நாள், கச்சான் ஓய்ந்த விடியல்.
மேலறையின் மேற்கு ஜன்னலைத் தள்ளினார்.
தென்னை, வயல், அதற்கும் அப்பால்
நீலமாய்ச் சின்னதாய் ஒரு முடிச்சு.
"குடும்பிமலை," என்றேன்.
தெரியும் என்று தலையசைத்தார். தெரியாமலா.
எங்கள் வயதுக்காரருக்கு அது படத்தில் வைக்கிற மலை இல்லை.
"இந்த ஜன்னலுக்குத் திரை போடவேணும்," என்றார்.
படியிறங்கிப் பாதியில் நின்று,
"வேணாம். கிடக்கட்டும்."

இப்போது சாவி பட்டிப்பூப் பெட்டிக்குக் கீழே.
சனிக்கிழமைகளில் டிலக்சனின் மாமி வந்து கூட்டுகிறா.
வீட்டுக்காரரை அவ இன்னும் கண்டதில்லை.
கதவின் மேல்விளிம்பில்
விரல்கனம் தூசு இருக்கிறது.
நான் சொல்லப்போவதில்லை.